தலைவலி வந்தால் குழாயைப் பார்

மருதையன் வைக்கோல் போரிலிருந்து விழுந்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எப்படி விழுந்தான் என்பதில்தான் ஊர் இரண்டுபட்டது.

எழுபத்து மூன்றாம் வருஷம், தை மாதம். பூதலூருக்குத் தெற்கே மூன்று ஏக்கர் நிலத்தை மருதையன் குடும்பம் அவன் அப்பன் காலத்திலிருந்தே குத்தகைக்கு உழுது வந்தது. குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்ததும் மருதையன் தாலுகா ஆபீசில் மனுப் போட்டான். அன்றோடு நிலத்துக்காரர் துரைராசு அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சம்பா அறுத்துக் கட்டுகள் களத்துக்கு வந்த அன்று, துரைராசுவின் ஆட்கள் வண்டியோடு வந்தார்கள். நெல்லை எடுக்க விடக்கூடாதென்று விவசாய சங்கத்து ஆட்களும் வந்தார்கள். மருதையன் களத்தோரம் இருந்த பழைய வைக்கோல் போர்மேல் ஏறி நின்று சத்தம் போட்டான். இரண்டு பேர் அவனை நோக்கி ஏறி வந்தார்கள். அதுவரைதான் அவனுக்கு ஞாபகம். அதற்கப்புறம் கண்ணில் பட்டது, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியின் கூரையில் ஓடாமல் நின்ற ஒரு மின்விசிறி.

முதுகெலும்பு தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே நொறுங்கியிருந்தது. கைகள் பிழைத்தன. மார்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை, சுட்டாலும் தெரியவில்லை. மூத்திரம் போக ஒரு ரப்பர் குழாயைச் சொருகி, அதன் மறுமுனையை ஒரு பாட்டிலில் விட்டு, இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது அவனுக்கு முப்பத்தாறு வயது.

நடக்க முடியாது என்பதை அவன் ஒருவழியாகப் புரிந்துகொண்டான். புரியாதது வேறொன்று. வாரத்தில் இரண்டு மூன்று நாள், திடீரென்று தலை வெடித்துவிடும்போல வலிக்கும். முகம் செக்கச்செவேலென்று ஆகும். கழுத்துவரை வேர்வை கொட்டும், கையெல்லாம் புல்லரிக்கும். மார்புக்குக் கீழே மட்டும் காய்ந்த மண்ணாகக் கிடக்கும். மனைவி அம்சவல்லி பதறிப்போய் அவனைத் தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்கவைத்து நெற்றியில் ஈரத்துணி போடுவாள். வலி இன்னும் ஏறும். பிறகு எப்போதோ, ஏனென்று தெரியாமல், இறங்கிவிடும்.

"களத்துல எதையோ பாத்துப் பயந்திருக்கான்" என்றாள் பக்கத்து வீட்டுக் காத்தாயி. வேப்பிலை அடித்தார்கள். பூதலூர் கடைத்தெரு டாக்டர் அவன் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றி அளந்துவிட்டு, "இருநூத்திப் பத்து இருக்குய்யா! எப்படி உசுரோட இருக்க?" என்று கேட்டார். மாத்திரை கொடுத்தார், உப்பை அறவே நிறுத்தச் சொன்னார். மறுநாள் காலையில் அவனைத் தூக்கி உட்காரவைத்தபோது கண் இருண்டு அப்படியே சாய்ந்துவிட்டான். அதே டாக்டர் வந்து அளந்தார். எழுபது.

"நேத்து இருநூறு, இன்னிக்கு எழுபதா?" என்றாள் அம்சவல்லி. "அதே ஆளுதானே டாக்டர்?"

டாக்டர் பட்டியைக் கழற்றித் தன் கையிலேயே சுற்றி அளந்து பார்த்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் குளிர்க்காய்ச்சல் வந்தது. பாட்டிலில் மூத்திரம் கஞ்சித் தண்ணிபோலக் கலங்கி வந்தது. தஞ்சாவூரில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு யூரியா ஏறியிருக்கிறது, கிட்னி கெட ஆரம்பித்திருக்கிறது என்றார்கள். ஒருவர் தண்ணீரைக் குறைக்கச் சொன்னார். இன்னொருவர் குடம் குடமாகக் குடிக்கச் சொன்னார். ஒருவர் உப்பு விஷம் என்றார். மயக்கம் வந்தால் உப்புப் போட்ட மோர் கொடு என்றார் மற்றவர். அம்சவல்லி காலையில் உப்பில்லாத கஞ்சியும் மாலையில் உப்பு மோரும் கொடுத்தாள். தன் உடம்பு யார் பேச்சைக் கேட்கிறது என்றே மருதையனுக்குத் தெரியவில்லை. துரைராசு பேச்சையா, சங்கத்துப் பேச்சையா என்று ஒருநாள் வெறுத்துப்போய்க் கேட்டான். அம்சவல்லி சிரிக்கவில்லை.

ஆவணியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆசியா என்ற நர்ஸ் மாற்றலாகி வந்தார். கூத்தாநல்லூர்க்காரர். மதராசில் முதுகெலும்பு முறிந்தவர்கள் வார்டில் நாலு வருஷம் இருந்தவர். படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்ட வீட்டுக்கு வந்த அன்று, நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ, தலைவலி கிளம்பியிருந்தது. அம்சவல்லி வழக்கம்போல அவனைப் படுக்கவைக்கப் போனாள்.

"படுக்கவைக்காதீங்க! தூக்கி உட்கார வைங்க" என்று சத்தம் போட்டார் ஆசியா. அவன் இடுப்பு வேட்டியைத் தளர்த்தினார். தலையைப் பார்க்கவில்லை, நாடியைப் பார்க்கவில்லை. நேரே குனிந்து குழாயைத் தடவிக்கொண்டே போனார். தொடைக்கு அடியில் அது மடங்கி நசுங்கியிருந்தது. எடுத்து நீட்டிவிட்டதும் பாட்டிலில் மூத்திரம் சடசடவென்று இறங்கியது. ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரத்துக்குள் மருதையனின் தலைவலி வடிந்துவிட்டது.

"இது என்னம்மா மாயம்?" என்றான்.

"மாயமுமில்ல, பேயுமில்ல அண்ணே. மூத்திரப்பை நெறைஞ்சா உடம்பு தவிக்குது. அந்தத் தவிப்பு மேல வந்து உங்ககிட்டச் சொல்ல வழியில்ல, நடுவுல நரம்பு அறுந்துபோச்சு. அதனால ரத்தக்கொதிப்ப ஏத்திவிடுது. போக வழியில்லாத மூத்திரம் திரும்பிப் போய் கிட்னியையும் கெடுக்குது. இனிமே தலைவலி வந்தா முதல்ல உட்கார வைங்க, அப்புறம் குழாயப் பாருங்க. மாத்திரை விஷயத்த நான் டாக்டருகிட்டப் பேசுறேன்."

"அப்ப எனக்குச் சரியான பிரஷர் எவ்வளவு?"

"உங்களுக்கு இப்ப தொண்ணூறு, நூறுதான் சாதாரணம். மத்தவங்களுக்கு ஒண்ணும் செய்யாத நூத்தியம்பது உங்களுக்கு ஆபத்து."

மருதையன் தலையாட்டினான். பாதிதான் விளங்கியது. இடுப்புக்குக் கீழே நடக்கும் சங்கதிக்குத் தலையில் ஏன் வலிக்க வேண்டும் என்பதை அவனால் கடைசிவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆனாலும் குழாயைப் பார்க்கப் பழகினான்.

அதற்குள் வழக்கு வந்துவிட்டது. துரைராசுவின் ஆட்கள் இரண்டு பேர் அவனைத் தள்ளிவிட்டதாகப் போலீசில் பதிவாகியிருந்தது. அம்சவல்லியின் அண்ணன் இராஜாங்கம்தான் சங்கத்துக் கிளைச் செயலாளர். சாட்சி சொல்வதற்கு முந்தின வாரம் வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

"மாப்ளே, பெரிசா ஒண்ணும் சொல்ல வேணாம். புடிச்சுத் தள்ளினாங்கன்னு மட்டும் சொல்லு."

"தள்ளினாங்களா மச்சான்? நீங்க பாத்தீங்களா?"

"நான் வரப்புல நின்னேன். ஏறினது தெரிஞ்சுது, நீ விழுந்தது தெரிஞ்சுது. நடுவுல தள்ளாம எப்படி விழுவ?"

"வைக்கோலு சரிஞ்சிருக்கலாம்ல?"

இராஜாங்கத்தின் முகம் கறுத்தது. "யாருக்காக நாங்க அலையிறோம்னு நெனைச்சுப் பேசு" என்று எழுந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துத் துரைராசுவே வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்று, சன்னல் வழியாகப் பேசினார். "மருதையா, தவறி விழுந்தேன்னு சொல்லிடு. குத்தகைப் பதிவுல நான் ஆட்சேபணை பண்ணமாட்டேன். எங்க ஆளுங்க மேல ஏறினது நெசம். தள்ளினானுவளான்னு எனக்கே தெரியாது."

அவர் குரலில் பொய் இருந்ததாகவும் மருதையனுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவனை இன்னும் குழப்பியது. கண்ணை மூடிக் களத்தை நினைத்துப் பார்ப்பான். ஒருநாள் நெஞ்சில் ஒரு கை படுவது தெரியும். இன்னொரு நாள் காலடியில் வைக்கோல் வழுக்குவது தெரியும். எது நடந்தது, எது பிறர் சொல்லித் தனக்குள் ஏறியது என்று பிரிக்க முடியவில்லை.

தஞ்சாவூர் கோர்ட்டுக்கு வாடகைக் காரில் கொண்டுபோனார்கள். நாலு பேர் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். காலையிலிருந்து காத்திருந்து பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு கேள்விக்குள் தலை தெறிக்க ஆரம்பித்தது. முகம் சிவந்தது. வேர்வை கண்ணில் இறங்கியது.

எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடவில்லை. "யுவர் ஆனர், சாட்சிக்குக் கொட்டுற வேர்வையப் பாருங்க. சொல்லிக்கொடுத்தது மறந்துபோச்சு."

சபையில் சிரித்தார்கள். மருதையன் வாயைத் திறந்தான். குழாய் என்று சொல்ல வேண்டும். அவ்வளவு பேர் முன்னால், பெண்களும் இருக்கும் இடத்தில், எப்படிச் சொல்வான்?

அம்சவல்லி எழுந்தாள். கோர்ட் சேவகன் டவாலி தடுத்த கையைத் தட்டிவிட்டுக் கூண்டருகே போனாள். புருஷன் வேட்டிக்கு அடியில் கைவிட்டு, நாற்காலிக் கட்டையில் சிக்கியிருந்த குழாயை இழுத்து நேராக்கினாள். பாட்டிலில் விழுந்த சத்தம் கடைசி பெஞ்சுவரை கேட்டது.

"அவரு பொய் சொல்லல சாமி. மூத்திரம் அடைச்சா அவருக்கு இப்படித்தான் வேர்க்கும்" என்றாள் நீதிபதியைப் பார்த்து.

யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி கால்மணி நேரம் அவகாசம் கொடுத்தார். வலி இறங்கியதும் மருதையன் பேசினான்.

"ரெண்டு பேரு ஏறி வந்தாங்க. அதுவரைக்கும் தெரியும். தள்ளினாங்களா, நானா விழுந்தேனான்னு எனக்குத் தெரியல ஐயா. நெனைச்சு நெனைச்சுப் பாத்துட்டேன்."

இரண்டு பேரும் விடுதலையானார்கள். இராஜாங்கம் ஒன்றரை வருஷம் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. துரைராசு குத்தகைப் பதிவில் ஆட்சேபணை செய்தார். தான் கேட்டபடி அவன் சொல்லவில்லை என்பது அவர் நியாயம். அந்த மனு நாலு வருஷம் இழுத்தது. வாய்க்கால் மடைக்காரரும் பக்கத்து வயல்காரர்களும் வந்து, உழுதது மருதையன்தான் என்று சொன்ன பிறகு, தாசில்தார் அவன் பெயரைப் பதிவு செய்தார். நடவும் அறுப்பும் அம்சவல்லியின் பொறுப்பாயின. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் திருப்புவது என்பதைக் கட்டிலில் இருந்தபடி அவன் சொல்வான். பாதி நாள் அவள் கேட்கமாட்டாள்.

ஆசியா மாற்றலாகிப் போகுமுன், நிரந்தரக் குழாயை எடுத்துவிட்டு நாளுக்கு ஐந்து வேளை தானே குழாய் போட்டு எடுக்கும் முறையை அவனுக்குப் பழக்கிவிட்டார். முதல் மாதம் ரத்தம் கசிந்தது. பிறகு காய்ச்சல் குறைந்தது. படம் எடுத்துப் பார்த்தபோது இடது கிட்னி சுருங்கிவிட்டது, வலதுதான் வேலை செய்கிறது என்றார்கள். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவன் இன்னும் பன்னிரண்டு வருஷம் இருந்தான்.

எண்பத்தொன்பது கார்த்திகையில் அதுவும் நின்றது. கால் வீங்கி, சோறு செல்லாமல், எட்டு நாள் கிடந்தான். மூத்திரமே ஊறாததால் கடைசி நாள்களில் தலை வலிக்கவேயில்லை. அம்சவல்லி மட்டும் மணிக்கொரு தடவை எழுந்துபோய் அவனைத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தாள்.