அண்ணியின் காருக்குள் பெய்த மழை

நாத்தனார் ஒருத்தி தன் அண்ணிக்காக வரிந்துகட்டிக்கொண்டு பேசுவதை நீங்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்களுக்குள்ளும் சமையலறையில் உரசல் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஒர்க்‌ஷாப்பில் நடந்ததை நான் கூட இருந்து பார்த்தேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அண்ணி பிசியோதெரபிஸ்ட். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்க்கிறார். பக்கவாதம் வந்து படுத்தவர்கள், விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர்கள், ‘இனிமே என்னத்த நடந்து’ என்று சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவர்கள், இவர்களையெல்லாம் கெஞ்சியும் அதட்டியும் எழுப்பி நிற்க வைப்பதுதான் அவர் தொழில். அதற்குக் கார் வேண்டும். பின்சீட்டில் மடக்கு ஸ்டூல், ரப்பர் பட்டைகள், காற்றடைத்த பெரிய பந்து, தசைக்கு லேசாகக் கரண்ட் கொடுக்கும் சின்ன மெஷின் எல்லாம் எப்போதும் இருக்கும்.

கார் பழசு. வேறு யார் யாரோ ஓட்டித் தேய்த்த பிறகு அண்ணியிடம் வந்தது. இடதுபக்கக் கதவை ஓங்கி அடித்தால்தான் மூடும். ஆனாலும் கூரையில் ஒரு சன்ரூஃப் உண்டு. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி பின்னால் நகர்ந்து வானம் தெரியும். நோயாளிகளின் அறையில் ஜன்னலைக்கூடத் திறக்க விடமாட்டார்கள் என்பார் அண்ணி. அங்கிருந்து வெளியே வந்ததும் கூரையைத் திறந்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பார். அவருக்கென்று இருந்த ஓய்வு அவ்வளவுதான்.

எங்கள் குடியிருப்புக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் மேலேயிருந்து சாரத்துக் கொக்கி ஒன்றைத் தவறவிட்டார்கள். அது நேராக அந்தக் கண்ணாடியில் விழுந்தது. உள்ளே சீட்டெல்லாம் கற்கண்டு கொட்டியது மாதிரி கண்ணாடித் துண்டுகள். குடியிருப்புச் செயலாளர் கீழே வந்து பார்த்துவிட்டு, “வேலை நடக்குதுன்னு தெரியும்ல, வண்டிய ஏன் இங்க விட்டீங்க?” என்றார். அவரவர்க்கு ஒதுக்கிய இடத்தில்தான் வண்டியை விட முடியும், அதை ஒதுக்கியதே அவர்தான். அண்ணிக்கு அன்றைக்குச் சண்டை போட நேரமில்லை. ஒரு நோயாளி காத்திருந்தார். பிளாஸ்டிக் தாளைக் கூரையில் ஒட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மெயின் ரோட்டில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். வாசலில் கண்ணாடிக் கதவு, காத்திருப்பவர்களுக்கு ஏசி, சுவரில் டிவி. முதலாளி தேய்த்த சட்டையோடு உட்கார்ந்திருப்பார். அண்ணி உள்ளே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “சார் வரலையா?”

“வண்டி என்னோடதுங்க.”

“சரி மேடம், இருந்தாலும் டெக்னிக்கலா சொன்னா சார்னா டக்குனு புரிஞ்சிக்குவாரு.”

எங்கள் அண்ணனுக்குக் கார் ஓட்டவே தெரியாது. பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

சில நாளில் வண்டி திரும்பி வந்தது. புதுக் கண்ணாடி பளபளவென்று இருந்தது. “பசை போட்டிருக்கோம். நல்லா இறுகணும், கொஞ்ச நாளைக்குத் திறக்காதீங்க,” என்று சொல்லி அனுப்பினார்கள். அண்ணியும் திறக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியது. முதலில் வாசனைதான் வந்தது, ஈரத்துணியை மடித்து பீரோவில் வைத்தால் வருமே அந்த வாசனை. பிறகு மிதியடி நனைந்தது. ஒருநாள் பின்சீட்டில் இருந்த மெஷினைத் திறந்தால் உள்ளே தண்ணீர், அதோடு அது செத்தது. அண்ணி ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தார்.

“தண்ணி பாட்டில் ஏதாவது சாஞ்சிருக்கும் மேடம். லேடீஸ் வண்டில பாட்டில் நிறைய இருக்கும்.”

நேரில் போனபோது ரப்பர் விளிம்பில் இன்னும் கொஞ்சம் பசையைத் தடவினார்கள். அடுத்த முறை போனபோது முதலாளி எழுந்துகூட வரவில்லை. “பழைய வண்டின்னா அப்படித்தான். நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன், இந்த வண்டியத் தலைமுழுகிடுங்க.”

“நான் எதுக்குங்க தலைமுழுகணும்? அதுதான் தினம் என் தலையை முழுக வைக்குதே,” என்றார் அண்ணி. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். வேலை நடக்கவில்லை.

அண்ணியின் நோயாளிகளில் ஒரு தையல்கார அம்மா உண்டு. பக்கவாதம் வந்து இடதுகை விழுந்துவிட்டது. மாதக்கணக்கில் அண்ணி அந்தக் கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விரல் லேசாக மடங்கும், அவ்வளவுதான், தோளுக்கு மேலே போகாது. அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை. மகள் இப்போது நடத்துகிற தையல்கடையை ஒருதரம் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டை விட்டு வெளியே வரவே கூச்சப்பட்டவர் அவர். முகம் ஒருபக்கம் கோணிவிட்டது, ஊர் பார்க்கும் என்று. அண்ணி எத்தனையோ பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தார். அவர் புதுப் புடவை கட்டி, தலையைப் பின்னிவிடச் சொல்லி, முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

காலையில் பெய்த மழை அப்போது நின்றிருந்தது. வழியில் ஒரு நாய் குறுக்கே ஓட, அண்ணி பிரேக்கை மிதித்தார். கூரை விளிம்பிலிருந்து ஒரு குடம் தண்ணீர் சடாரென்று அந்த அம்மாவின் தலையில் கொட்டியது. அழுக்குத் தண்ணீர், சருகும் தூசியும் கலந்து. அவர் வீறிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். ஆமாம், இரண்டு கைகளையும். திடுக்கிட்டால் அப்படி ஒரு கணம் தூக்கும், அதற்காகக் கை வந்துவிட்டது என்று அர்த்தமில்லை என்று அண்ணி பிறகு விளக்கினார். மறு நிமிடமே அது பழையபடி மடியில் விழுந்துவிட்டது. புடவை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள, நடுத்தெருவில், கோணிய வாயோடு அந்த அம்மா அழுதார். “வீட்டுக்குப் போலாம்மா. நான் வந்திருக்கவே கூடாது.”

அன்று வீட்டுக்கு வந்த அண்ணியின் முகத்தை நான் அப்படி அதற்கு முன் பார்த்ததில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “ஒரு சொம்புத் தண்ணி எடுத்துட்டு வா,” என்றார்.

வண்டியருகே போனோம். “முன்னல்லாம் மழை பெஞ்சு விட்டா வண்டிக்கு அடியில, சக்கரத்துப் பக்கத்துல சொட்டிட்டே இருக்கும். பாத்திருக்கியா?”

“ஆமா, கோலப்பொடி மாதிரி புள்ளி புள்ளியா.”

“இப்ப ஏன் சொட்டல?”

பொத்தானை அழுத்தினார். கண்ணாடி கரகரவென்று பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தது. கண்ணாடி நகரும் தண்டவாளத்தில் பழைய கண்ணாடித் துண்டுகள் அப்படியே கிடந்தன. அதைக்கூடத் துடைக்காமல்தான் புதுசை மாட்டியிருக்கிறார்கள். கண்ணாடியைச் சுற்றி ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி இருக்கிறது. ரப்பரைத் தாண்டி எப்படியும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும், அது அந்த வாய்க்காலில் ஓடி, நாலு மூலையிலும் இருக்கிற ஓட்டை வழியாகக் குழாயில் இறங்கி, வண்டிக்கு அடியில் போய்விட வேண்டும். அதுதான் ஏற்பாடு. அந்த நாலு ஓட்டைகளையும் வெள்ளைப் பசை போட்டு அடைத்து வைத்திருந்தார்கள். அண்ணி சொம்பைச் சாய்த்தார். தண்ணீர் வாய்க்காலில் தேங்கி நின்றது. கீழே குனிந்து பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது.

“பூசி மெழுகுறதுன்னு சொல்வாங்களே, நெஜமாவே பூசி மெழுகியிருக்கான்,” என்றேன்.

அண்ணி கூரையை மூடினார். “நாளைக்கு நீயும் வா,” என்றார்.

மறுநாள் காரை ஒர்க்‌ஷாப் வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினார். எந்த வண்டியும் உள்ளே போக முடியாது, வெளியே வரவும் முடியாது. முதலாளி பதறிக்கொண்டு வந்தார். அண்ணி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார், அந்த அம்மா அழுததையும் கையைத் தூக்கியதையும். முதலாளி காதில் வாங்கியது கடைசியை மட்டும்தான்.

“அப்ப நல்லதுதானே மேடம்! மாசக்கணக்கா நீங்க தூக்க வைக்க முடியாத கைய எங்க வேலை ஒரு செகண்டுல தூக்க வெச்சிருக்கே!” என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தான்.

இதற்குமேல் அந்த ஆளுக்கு ‘சிரித்தார்’ என்று எழுத என் கை வரவில்லை.

அவன் சிரிப்பை முடித்துவிட்டு போனை எடுத்து முதல்நாளே கேட்டு வாங்கி வைத்திருந்த எண்ணில் எங்கள் அண்ணனுக்கு அடித்தான், ஸ்பீக்கரில் போட்டு. “சார், மேடம் ரொம்ப டென்ஷனா இருக்காங்க, கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க.”

அண்ணன் குரல் கேட்டது. “வண்டி அவளோடது. தலையில தண்ணி வாங்குனது அவ. எனக்கு எதுக்குங்க போன் பண்றீங்க?”

அண்ணன் வாழ்க்கையில் சரியான நேரத்தில் சரியாகப் பேசியது அநேகமாக அன்றைக்குத்தான்.

காத்திருப்பு அறையிலிருந்து ஆட்கள் வெளியே வந்து நின்றுவிட்டார்கள். அண்ணி கூரையைத் திறந்து, ஒரு பெரிய பாட்டில் தண்ணீரை அந்த வாய்க்காலில் மெதுவாக ஊற்றினார். “கீழ பாருங்க. எங்காவது சொட்டுதா?”

“ஆவியாயிருக்கும் மேடம்.”

“அப்படியா? அப்ப பயமில்லாம உள்ள உக்காருங்க.”

எல்லோரும் பார்க்கிறார்கள், மறுக்க முடியாது. கெத்தாக முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். அண்ணி கூரையை மூடினார், வண்டியைக் கிளப்பினார், வளாகத்துக்குள் ஒரு வட்டம் அடித்தார், பிரேக்கை மிதித்தார். அவ்வளவுதான். தேய்த்த சட்டை, சீவிய தலை, கையில் இருந்த போன் எல்லாவற்றுக்கும் அபிஷேகம். கதவைத் திறந்து அவன் இறங்கியபோது யாரோ கைதட்டினார்கள். நான்தான் என்று அண்ணி சொல்கிறார். எனக்கு நினைவில்லை.

அவன் அவமானத்தை மறைக்க மெக்கானிக்கைப் பிடித்துக் கத்தினான். “எவன்டா ஓட்டைய அடைச்சது?”

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நீங்கதான பாஸ் அடைக்கச் சொன்னீங்க? முன்பக்கக் குழாய் ஒண்ணு கிழிஞ்சிருக்குன்னு நான் சொன்னேன். மாத்தணும்னா கூரைத் துணியப் பிரிக்கணும், அதுக்கெல்லாம் நேரமில்ல, மூலையெல்லாம் அடைச்சு அனுப்புன்னீங்க.”

தெரியாமல் செய்த தப்பென்று அதுவரை நாங்கள் நினைத்திருந்தோம். இவன் தெரிந்தே அடைத்திருக்கிறான். தெரிந்தே ‘பாட்டில் சாஞ்சிருக்கும்’ என்றான், தெரிந்தே வண்டியை விற்கச் சொன்னான்.

அண்ணி ஒரு நாற்காலியை இழுத்து காருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். “பிரிங்க. நான் பாத்துட்டே இருக்கேன்.” அன்றைய நோயாளிகளுக்கெல்லாம் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் ஈரச் சட்டையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கண்ணாடியைக் கழற்றினார்கள். பசையைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டச் சுரண்ட ரப்பர் போல் உரிந்து வந்தது. தண்டவாளத்தில் கிடந்த துண்டுகளை உறிஞ்சி எடுத்தார்கள். கூரைத் துணியை ஒருபக்கம் பிரித்து கிழிந்த குழாயை உருவினால், அதற்குள் மக்கிய இலை அடைத்துக்கொண்டிருந்தது. புதுக் குழாய் போட்டார்கள், மற்ற மூன்றிலும் மெல்லிய நைலான் கம்பியை விட்டுக் குடைந்தார்கள். ரப்பரை மாற்றினார்கள். கண்ணாடி ஒருபக்கம் நகத்தளவு தூக்கிக்கொண்டிருந்ததை அண்ணி விரலால் தடவிக் காட்ட, அதையும் இறக்கி மட்டம் பார்த்தார்கள். கடைசியில் தண்ணீர் ஊற்றினால் வண்டிக்கு அடியில் நாலு இடத்திலும் சளசளவென்று கொட்டியது. மெக்கானிக் அண்ணியைப் பார்த்துத் தலையாட்டினார். “இப்ப எவ்வளவு மழை வேணாலும் பெய்யட்டும்மா.”

கிளம்பும்போது முதலாளி வெளியே வந்தான். “நாங்க நல்ல மனசோட செஞ்சு கொடுத்திருக்கோம் மேடம்,” என்றான். இந்த வார்த்தையைச் சொல்ல ஒரு மனிதனுக்கு எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும்! கெட்டுப்போன மெஷினைப் பற்றி அண்ணி கேட்டதற்கு, அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்றுவிட்டான். அதற்கான பணத்தைக் கடைசிவரை அவன் தரவில்லை, அண்ணிதான் வேறு வாங்கினார்.

தையல்கார அம்மாவை மறுபடி காரில் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சீட்டில் உட்கார்ந்ததுமே கூரையைத்தான் பார்த்தாராம். மழையிலேயே போனார்கள். ஒரு சொட்டு விழவில்லை. கடையில் மகள் தைத்து மாட்டியிருந்த ஜாக்கெட்டை அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, கழுத்து வெட்டு சரியில்லை என்று வைதாராம். அண்ணி அதை மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இத்தோடு விட்டுவிடலாம் என்பது அண்ணனின் கட்சி. “சரியாயிடுச்சுல்ல, இன்னும் ஏன் முகத்தைத் தூக்கி வெச்சிட்டிருக்க?”

“வண்டி சரியாயிடுச்சு. அந்தம்மா தெருவுல ஈரப் புடவையோட அழுதாங்களே, அதை எந்த ஒர்க்‌ஷாப்புல சரி பண்ணுவாங்க?” என்றார் அண்ணி. அண்ணன் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

எங்கள் மாடியில் இருக்கிற பாங்க் ஊழியர் இதைக் கேள்விப்பட்டு இறங்கி வந்தார். அவர் காரின் சன்ரூஃபையும் அதே ஒர்க்‌ஷாப்பில்தான் பழுதுபார்த்தார்களாம், கொஞ்ச நாளாக உள்ளே ஈர வாசனையாம். அண்ணி அவர் வண்டியின் கூரையைத் திறந்து பார்த்தார். நாலு மூலையிலும் அதே வெள்ளைப் பசை. “கிளம்புங்க, நானும் வர்றேன்,” என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டார்.