ஒக்சுன் அத்தையின் பாடகர்

கொரியா தேசத்துப் பாட்டுத் தரவரிசையைத் தூக்கி நிறுத்தியிருப்பதே ஒக்சுன் அத்தையின் இடது கட்டைவிரல்தான். அது ஒருநாள் சுளுக்கிக்கொண்டால் பாடகர் மா தோஹுன் மறுநாளே ஊருக்குப் போய் வெங்காயம் பிடுங்க வேண்டியதுதான். வலது கை, கிம்ச்சி ஊறுகாய்க்காக முள்ளங்கிக்கு மிளகாய்ப்பொடி பூசிக்கொண்டிருக்கும். இடது கட்டைவிரல், கல்லாமேல் சாய்ந்து நிற்கும் ஐந்து கைபேசிகளிலும் ஒரே பாட்டை மறுபடி மறுபடி தட்டிவிடும். ஐந்தும் கொஞ்சம் முன்னே பின்னே. ஒரு மனிதன் தன்னோடு தானே சண்டை போடுகிற மாதிரி, டேகு சந்தையின் அந்தத் தொடுகறிக் கடை நாள் முழுக்க ஒலிக்கும்.

"காது வலிக்குது அத்தை."

"உன்னை யாருடி கேக்கச் சொன்னா? அது எண்ணிக்கை ஏறுறதுக்கு ஓடுது."

காது வலித்தது தாசோமுக்கு. பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் மகள். பள்ளிக்கூடத்தைவிட இங்கே ஒழுங்காக வருபவள்.

ரசிகர் சங்கத்தின் நிறம் ஆரஞ்சு. ஆகவே அத்தையின் தொப்பி, காலுறை, பல் துலக்கும் பிரஷ்கூட ஆரஞ்சு. புருஷன் பிறந்தநாள் நினைவுக்கு வர நாட்காட்டி வேண்டும்; தோஹுனின் செருப்பு அளவைத் தூக்கத்தில் சொல்லுவாள்.

போன மாதக் கச்சேரிக்கு இருபத்தொரு வகை அடுக்கிச் சாப்பாட்டுப் பெட்டி கட்டினாள். மேடைப் பின்வாசல்வரை சுமந்தது தாசோம். வேன் ஓட்டுநர் படிக்கட்டில் உட்கார்ந்து அதைப் பிரித்து விரல் சூப்பித் தின்றதையும், தோஹுன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனதையும் அவள்தான் பார்த்தாள். சொல்லவில்லை.

மூன்று வாரம், தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டாலே அத்தை கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "பெரிய பாடகன், ஆயிரம் வேலை இருக்கும்" என்று முள்ளங்கியிடம் சொல்லிக்கொண்டு திரும்பினாள். நாலாவது வாரம் இரண்டு கைபேசிகள் அணைந்தே கிடந்தன. அதைத்தான் தாசோமால் பொறுக்க முடியவில்லை.

நேற்று கடிதம் வந்தது. அத்தை கண்ணாடியை மாட்டிச் சத்தமாகப் படித்தாள்: "அன்புள்ள அக்கா, எல்லாமே அமிர்தம். வெள்ளரிக்காய் கிம்ச்சியை மட்டும் யாருக்கும் தராமல் நானே தின்று தீர்த்தேன்."

"எவ்வளவு நல்ல மனசு!" என்றாள் தாசோம், முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு.

அத்தை கண்ணாடியைக் கழற்றினாள். "தோஹுனுக்கு வெள்ளரிக்காய் வாசம் பட்டாலே குமட்டும். எங்க சங்கத்துல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். பெட்டியில நான் அதை வைக்கவே இல்ல."

தாசோம் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தாள்.

அத்தை ஒரு கிண்ணம் நிறைய வெள்ளரிக்காய் கிம்ச்சியை அள்ளி வைத்து, நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள்.

"எங்க ஓடுறீங்க, பாடகரே? உக்காந்து சாப்பிடுங்க."