ஒரு கை கோதுமை மா

இன்றைக்குக் கிளினிக்கில் டாக்டர் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஒளிச்சு ஏதும் சாப்பிடுறியளோ? உண்மையைச் சொல்லுங்கோ."

(யாழ்ப்பாணத்து டாக்டர். திட்டினாலும் மரியாதையாகத்தான் திட்டுவார்.)

தெரியாதவர்களுக்காக முன்கதை. நான் நானுஓயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா பார்க்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் காலையில் குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள்.

போன வருடம் முழுக்க எனக்குக் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. அழுகை இல்லாத நேரத்தில் எரிச்சல். வயிறும் எந்நேரமும் ஊதிக் கிடந்தது.

மனநலக் கிளினிக்கில் மாத்திரை தந்தார்கள், போட்டு வருகிறேன். வயிற்றுக்கு இந்த டாக்டரிடம் அனுப்பினார்கள். இரத்தம் எடுத்து, குழாய் விட்டுப் பார்த்து, கடைசியில் கோதுமையில் உள்ள க்ளூட்டன் எனக்கு ஆகாது என்று சொன்னார். இனி வாழ்நாள் முழுக்கக் கோதுமை தொடக்கூடாதாம்.

ரொட்டி இல்லாமல் தோட்டத்தில் ஒருத்தி எப்படி உயிர் வாழ்வது? காலையில் ரொட்டி, பத்து மணிக்கு மிச்ச ரொட்டி, யாராவது வந்தால் சுடச்சுட ரொட்டி.

"மனசுக்கும் இதுதான் காரணமாங்க?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"இருக்கலாம். சில பேருக்கு ரெண்டும் தொடர்புதான். எல்லாருக்கும் எண்டு சொல்லேலாது. முதல்ல கோதுமையை விட்டுப் பாப்பம்."

அந்த 'இருக்கலாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டினேன்.

வீட்டில் நானும் மாமியும்தான். வீட்டுக்காரர் கொழும்பில். சமையல் முழுக்க மாமி கையில். எனக்கென்று குரக்கன் (கேழ்வரகு) மா தனி டின்னில் வாங்கி வைத்து, விடியற்காலையில் எழுந்து குரக்கன் ரொட்டி சுட்டுத் தருவார். நானும் ஒரு பிஸ்கட்கூடத் தொடவில்லை. காம்பராவில் குழந்தைகள் வாயில் ஊட்ட வந்தாலும் ஓடினேன்.

ஆனாலும் ஒன்றும் மாறவில்லை.

இரண்டாம் மாதத்தில் ஒரு நாள், தூங்காமல் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயதுப் பிள்ளையிடம் கத்திவிட்டேன். அது அழவில்லை. மெல்ல எழுந்து, என்னைவிட்டுத் தள்ளிப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்கே வேலையை விடுகிறேன் என்று கடிதம் எழுதினேன். தோட்ட ஆபிஸ் கிளாக்கரய்யா முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. கோயிலுக்குப் போகிற வழியில் ஆபிஸில் கொடுத்துவிடச் சொல்லி மாமியிடம் தந்தேன். பதில் வரும்வரை போவோம் என்று போய்க்கொண்டிருந்தேன். பதில் வரவேயில்லை. (எங்கள் ஆபிஸைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.)

இன்றைக்கு வந்த இரத்த ரிப்போர்ட்டில் குறைய வேண்டியது எதுவுமே குறையவில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி.

"சத்தியமா இல்லைங்க டாக்டர்" என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கே என்மீது சந்தேகம் வந்துவிட்டது.

அப்போதுதான் துணைக்கு வந்து கதவோரம் நின்ற மாமி உள்ளே வந்தார்.

"டாக்டரம்மா, இந்தப் புள்ள மேல தப்பில்லைங்க. நான்தான் ஒரு கை கோதும மா கலந்தேன்."

அறையில் இரண்டு நர்ஸ்மார். வெளியே வரிசை.

"வெறும் குரக்கன் உடைஞ்சு போவுதுங்க. இது பாதியில வச்சிட்டு எந்திரிச்சிரும். ஆளு வேற மெலிஞ்சுகிட்டே போச்சு. ஒரு கை தானே, என்ன செய்யப்போவுதுன்னு நெனச்சேங்க."

மாமி முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஆபிஸ்காரர்கள் முன்னால் 'ஆமாங்க', 'சரிங்க' தவிர அவர் பேசி நான் கேட்டதில்லை. இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான்தான் பொய்க்காரியாகியிருப்பேன். மருமகள் பார்த்துக்கொண்டிருக்க, நாலு பேர் முன்னால் 'நான்தான்' என்று சொல்லும் மாமியாரை நான் இன்றைக்குத்தான் பார்த்தேன்.

டாக்டர் திட்டவில்லை.

"நல்ல காலம் இப்ப சொன்னியள், அம்மா. இல்லாட்டி நான் பிழையான பக்கம் போயிருப்பன்."

பிறகு என்னிடம் திரும்பினார். "இனித்தான் உங்களுக்கு முதல் நாள். ரத்தத்தில உள்ளது இறங்கும். மனசைப் பற்றி நான் வாக்குத் தரமாட்டன். அந்த மாத்திரையை விடாதேங்கோ."

பஸ் ஏறினோம். எனக்குக் கோபம்தான். ஆறு மாதம் வீணாகப் போனதே என்று ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமி கால்கூடக் கழுவவில்லை. கோதுமை மா டின்னைத் தூக்கி முற்றத்துக்குக் கொண்டு போய், பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு அவர் சட்டியில் கொட்டினார்.

"இனி இந்த வூட்டுக்குள்ள கோதும வராது. நானும் குரக்கனே திங்கிறேன்."

அறுபத்தைந்து வருட ரொட்டிப் பழக்கத்தை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

டின்னின் அடியிலிருந்து மாவோடு ஒரு பிளாஸ்டிக் பை விழுந்தது. உள்ளே என் கடிதம்.

"இது ஆபிஸுக்குப் போகலையா மாமி?"

"போகலை."

"ஏன்?"

"மனசு சரியில்லாத நேரத்துல எழுதுனது. நல்லா ஆனப்பறமும் வேணாம்னு தோணுச்சுன்னா நீயே கொண்டு போய்க் குடு."

"அதை எதுக்கு மா டின்னுல வச்சீங்க?"

"இந்த வூட்ல நீ கை வைக்காதது அது ஒண்ணுதானே."

அதற்குப் பிறகு எங்கிருந்து கோபப்படுவது? கட்டிப்பிடித்துக்கொண்டு இருவரும் அழுதோம். பக்கத்து வீட்டு அக்கா மாச் சட்டியோடு அப்படியே நின்றார்.

நாளைக்குக் காலையில் வழக்கம்போலக் காம்பராவுக்குப் போகிறேன். கடிதத்தை மாமி மறுபடி வாங்கிக்கொண்டார். இப்போது எங்கே வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

சற்று முன் மாமி எதுவும் கலக்காமல் வெறும் குரக்கனில் ரொட்டி சுட்டார். கல்லிலிருந்து எடுக்கும்போதே பதினொரு துண்டு. பொறுக்கிப் பொறுக்கி அத்தனையையும் தின்று முடித்தேன். மாமி எதிரில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

குரக்கன் ரொட்டி உடையாமல் சுடத் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், மாமிக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

தயவுசெய்து ஒரு கை கோதுமை மா என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.