மூடிய பக்கத்தில் நான் இட்ட எண்கள்

மேஜர் மாதேசனைப் படையிலிருந்து வெளியேற்றியவன் நான். இரண்டு ஆண்டுகள், இரண்டு முறை, என் கையாலேயே அதைச் செய்தேன். அவனுக்கு அது தெரியாது. இன்றுவரை தெரியாது.

நீங்கள் யாரென்று நான் அறியேன். அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

நான் கடத்தூர்க்காரன். ஓய்வுபெற்ற கர்னல். இப்போது தருமபுரியில் வசிக்கிறேன். ஓய்வூதியம் தவறாமல் வருகிறது. சுதந்திர தினத்தன்று பள்ளிகளில் கொடியேற்ற அழைக்கிறார்கள். நேர்மையைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்கிறார்கள். பேசுகிறேன்... குரல்கூட நடுங்குவதில்லை.

மாதேசன் பென்னாகரம் பக்கத்தவன். அவனுடைய அப்பா ராசப்பன், அறுவடைக் காலங்களில் குடும்பத்தோடு எங்கள் காட்டில் வந்து தங்கிக் கூலி வேலை செய்தவர். மாதேசன் படித்தான், தேர்வெழுதினான், குறுகிய காலப் பணி அதிகாரியாகப் படையில் சேர்ந்தான்.

அந்தப் பணியின் விதியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாவிட்டால் நான் செய்ததன் கொடுமை விளங்காது.

முதலில் பத்தாண்டுப் பணி. அதன் முடிவில் ஒரு தேர்வு வாரியம் கூடும். நிலையான பணி கிடைத்தால் ஓய்வு வயதுவரை இருக்கலாம், பதவியில் உயரலாம். கிடைக்காவிட்டால் மேலும் நான்காண்டு நீட்டிப்பு, அத்துடன் முடிந்தது. இருபது ஆண்டு நிறைந்தவருக்குத்தான் ஓய்வூதியம். பதினான்காம் ஆண்டில் வெளியேறுகிறவன் வெறும் ஆளாகத்தான் ஊர் திரும்ப வேண்டும்.

வாரியத்தில் இருப்பவர்கள் ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆண்டுதோறும் மேலதிகாரி எழுதும் ரகசிய அறிக்கையைத்தான் பார்க்கிறார்கள். அந்த அறிக்கையில் ஒரு பகுதி திறந்தது. அதை அதிகாரியே படித்துக் கையெழுத்திடுவார். இன்னொரு பகுதி மூடியது. மேல்பதவிக்கு இவன் தகுவானா என்று அதில் எண்களால் மதிப்பிட வேண்டும். அதை அவன் ஒருபோதும் பார்க்க முடியாது.

மாதேசன் பணியில் சேர்ந்து எட்டாண்டு ஆனபோது, நான் தலைமை தாங்கிய படைப்பிரிவுக்கு அவனைக் கேட்டு வாங்கினேன். ஆம், நானேதான் கேட்டேன்! நம்ம ஊர்ப் பையன் என்ற பெருமை அப்போது உண்மையாகவே இருந்தது. அவனுடைய முந்தைய தலைமை அதிகாரி (படையில் சி.ஓ. என்போம்), கண்டிப்புக்குப் பெயர்போன மனிதர், அவனை என் பிரிவுக்கு அனுப்பும்போது என்னிடம் சொன்னார்: "இவனை மாதிரி ஒருவன் எனக்கு இதற்கு முன் கிடைத்ததில்லை. விட்டுவிடாதீர்கள்."

அது மிகையில்லை. வடக்கே ஒரு மலையாற்றில் வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போனபோது, மாதேசன் இடுப்பளவு நீரில் தன் ஆட்களோடு நின்று, மழை ஓய்வதற்குள் மாற்றுப் பாலம் போட்டு முடித்தான். அக்கரையில் மாட்டிக்கொண்ட கர்ப்பிணி ஒருத்தி அந்தப் பாலத்தின் மேல்தான் வந்தாள். நான் கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். பாராட்டுக் கடிதம் என் பெயருக்கு வந்தது. அவன் அதைச் சட்டம் போட்டு என் அறையில் மாட்டினான்.

பிறகு என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? சொல்லவே கூசுகிறது... அவ்வளவு அற்பம்.

அந்தப் பொங்கலுக்கு இருவருக்கும் விடுப்பு. கடத்தூரில் எங்கள் வீட்டுக்கு அவன் பழத்தட்டோடு வந்தான். என் அப்பா முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எவருக்காகவும் எழுந்து பழக்கமில்லாதவர். நான் கர்னல் ஆன செய்தியைச் சொன்னபோதுகூட, "சரி, மோட்டாரு ஓடலடா, போயிப் பாரு" என்று என்னைக் கிணற்றடிக்கு அனுப்பியவர்.

மாதேசனைப் பார்த்ததும் அவர் எழுந்தார்.

"வாங்க மேஜர், உக்காருங்க. ராசப்பன் மவனா இது!"

"நீங்க உக்காருங்கய்யா. நான் நிக்கறேன், பரவால்லீங்க."

"அட, எங்க வூட்டுல நீங்க நிக்கறதா?" என்று அவன் தோளைப் பிடித்துத் தம் நாற்காலியிலேயே உட்கார வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒண்ணுமே இல்லாத எடத்துலருந்து வந்திருக்கான் பாரு. உனக்கு எல்லாம் இருந்துச்சு, நீ போன. இவன் உன்னத் தாண்டிருவான்டா" என்று சிரித்தார்.

மாதேசன் பதறிப்போனான். "அப்பிடிச் சொல்லாதீங்கய்யா. சார் கையில வளர்ற ஆளுங்க நானு."

நானும் சிரித்தேன். காபி கொண்டுவரச் சொன்னேன். அவன் போகும்போது வாசல்வரை சென்று வழியனுப்பினேன். உள்ளே ஏதோ ஒன்று கெட்டுப்போயிருந்தது... அது என்னவென்று அன்று எனக்கே தெளிவில்லை.

இரண்டு மாதம் கழித்து அறிக்கை எழுதும் காலம் வந்தது.

திறந்த பகுதியில் அவனை வானளாவப் புகழ்ந்தேன். பாலத்தைப் பற்றி எழுதினேன். எட்டுகளும் ஒன்பதுகளும் இட்டேன். விதிப்படி அவனை அழைத்து எதிரே உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். படித்து முடித்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், இத எங்கப்பாவுக்குப் படிச்சுக் காட்ட முடியாதுங்களே."

"முடியாது மாதேசு. ரகசியம்."

"தெரியும் சார். சும்மா சொன்னேன்" என்று கையெழுத்திட்டு, சல்யூட் அடித்துவிட்டுப் போனான்.

கதவு சாத்திய ஓசை கேட்டது. நான் பேனாவை மூடவில்லை. மூடிய பகுதியை எடுத்து வரிசையாக ஏழு, ஏழு, ஏழு என்று எழுதினேன். ஓரிடத்தில் ஆறு.

ஏழு என்பது உங்களுக்கு நல்ல எண்ணாகத் தோன்றும். அங்கே அப்படியில்லை. எல்லோரும் எட்டும் அதற்கு மேலும் வாங்கி நிற்கும் வரிசையில் ஏழு என்பது கழுத்தில் வைத்த கத்தி. மூன்று நான்கு என்று போட்டிருந்தால் மேலே இருப்பவர்கள் காரணம் கேட்டிருப்பார்கள். ஏழுக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

முதலாண்டு ஆத்திரம் என்று சொல்லித் தப்பலாம். இரண்டாமாண்டு? அப்போது ஆத்திரம் ஆறியிருந்தது. அவன்மேல் பிரியம்கூடத் திரும்பியிருந்தது. என் மகளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தபோது ரத்தம் கொடுத்தவன் அவன். ஆனாலும் அதே எண்களை எழுதினேன். திடீரென உயர்த்தினால் முந்தைய ஆண்டின் பொய் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அதுதான் காரணம். எத்தனை சுத்தமான காரணம், பாருங்கள்!

வாரியத்தின் முடிவு வந்தது. அவன் பெயர் இல்லை.

மறுநாள் பிற்பகல் என் அறைக்கு வந்தான். சவரம் செய்திருந்தான், சீருடை மடிப்புக் கலையாமல் இருந்தது. கைகளை எங்கே வைப்பது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

"சார், மேல்முறையீடு போடலாம்னு இருக்கேன். யாரோ மூடுன பக்கத்துல என்னக் கொறச்சிருக்காங்க. ரெண்டு பக்கத்தையும் வெச்சுப் பார்த்தா தெரிஞ்சிரும்ங்களாம். தெரிஞ்சா அந்த அறிக்கையவே தள்ளிருவாங்களாம்."

உண்மை. அப்படி ஒரு விதி இருந்தது. அவன் அன்று அந்த மனுவைப் போட்டிருந்தால் பிழைத்திருப்பான்.

"யார்மேல சந்தேகப்படற?" என்று கேட்டேன்.

"பழைய சி.ஓ. சாரத் தவிர வேற யாரு? மூஞ்சி குடுத்தே பேசமாட்டாரு."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். 'இல்லை, அவர் உன்னைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்' என்றாவது சொல்லியிருக்கலாம். நான் பெருமூச்சு விட்டேன். "இருக்கலாம்" என்றேன்.

பிறகு எழுந்துபோய் அவன் தோளில் கை வைத்தேன்.

"மாதேசு, மனு போட்டா உம் பேரு கெட்டுரும். இவன் தகராறு புடிச்சவன்னு எழுதிருவாங்க. நாலு வருஷ நீட்டிப்பும் போயிரும். நான் மேல பேசறேன். என்ன நம்பு."

"நீங்க சொன்னாச் சரிங்க சார்."

அவ்வளவுதான். மறு கேள்வி இல்லை. மனு போடும் கெடு முடிந்தது. நான் யாரிடமும் பேசவில்லை.

அந்தப் பழைய அதிகாரி இரண்டாண்டு கழித்து இறந்துபோனார். மாதேசன் இறுதிச் சடங்குக்குப் போகவில்லை. இரங்கல் கடிதமும் எழுதவில்லை. அவனுக்காக வாதாடியிருக்கக்கூடிய ஒரே மனிதரை அவன் வெறுத்தபடியே சாகவிட்டான். அதையும் நான்தான் செய்தேன்.

என்னையும் ஒரு வாரியம் பிரிகேடியர் பதவிக்குத் தேர்ந்தெடுக்காமல் விட்டது. அது நியாயமான முடிவு. ஐம்பத்துநான்கு வயதில் கர்னலாகவே ஓய்வுபெற்று ஊர் வந்தேன். எனக்கு ஒரு குறையும் நேரவில்லை.

மாதேசன் பதினான்காம் ஆண்டில் வெளியே வந்தான். நான் அவனைப் பிறகு பார்த்தது தொப்பூரில். நெடுஞ்சாலையோரம் ஒரு பெரிய உணவகம். லாரிகளும் பேருந்துகளும் நெருக்கியடித்து நிற்கும் இடம். அங்கே விசில் ஊதி வண்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தான். கணவாய்ச் சாலையில் விபத்து என்றால் முதலில் இறங்கி ஓடுபவனும் அவன்தானாம், உணவகத்துக்காரர் சொன்னார்.

என் காரைக் கண்டதும் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். லாரி ஓட்டுநர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க சி.ஓ. சாருங்க. இவரு மாதிரி ஒரு ஆபீசர் கெடைக்கறது கஷ்டம்" என்று அவர்களிடம் சொன்னான்.

நான் தேநீர் குடித்தேன். அவன் நின்றுகொண்டே இருந்தான். உட்கார் என்று நான் சொல்லவில்லை... ஏன் சொல்லவில்லை? இதற்கு மட்டும் என்னிடம் எந்தக் காரணமும் இல்லை.

சென்ற மாதம் அவன் மனைவி செல்வராணி என் வீட்டுக்கு வந்தாள். பென்னாகரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. காலை பத்து மணி இருக்கும். என் மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடிக்காமல் மேசைமேல் வைத்தாள்.

"ஒண்ணு கேக்கணுங்க. வாரியம் பார்த்த கடைசி ரெண்டு அறிக்கையும் நீங்கதானுங்களே எழுதுனீங்க?"

"ஆமா."

"அதுக்கு முந்தியெல்லாம் இவருக்குக் கொறையே வந்ததில்லீங்க. கணக்குப் பாடம் எடுக்கறவ நானு. இத்தன வருஷமா மனசுக்குள்ள போட்டுப் பார்க்கறேன். எப்பிடிப் போட்டாலும் நீங்கதான் வர்றீங்க."

நான் இல்லை என்றேன். குரலைச் சற்று உயர்த்தியே சொன்னேன். விதிகளைப் பற்றியும், வாரியத்தைப் பற்றியும், இடங்களின் பற்றாக்குறையைப் பற்றியும் ஏதேதோ பேசினேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள், பரீட்சையில் தவறாக எழுதிய மாணவனின் விளக்கத்தைக் கேட்பதுபோல.

"சரிங்க" என்றாள். "நான் வந்து கேட்டேன்னு அவருகிட்டச் சொல்லிறாதீங்க. நீங்களும் எப்பவாவது மனசு கேக்காம எதாச்சும் சொல்லிறாதீங்க. இந்த ஒலகத்துல எனக்கு ஒருத்தர் நல்லது நெனச்சாருன்னு அவரு நம்பிட்டிருக்கறது உங்க ஒருத்தரத்தான். அதையும் நீங்க எடுத்துட்டா அவருகிட்ட ஒண்ணுமே இருக்காதுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். ஒரு வசைச்சொல் இல்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

அவள் போனபின் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி! ஆம்... இனி அவனிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமலிருப்பதே அவனுக்குச் செய்யும் நன்மை என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை உணர்ந்த நொடியில்தான் நான் யாரென்று எனக்கு முழுதாகத் தெரிந்தது.

நேற்று மாலை மாதேசன் தொலைபேசியில் அழைத்தான். பின்னால் லாரிகளின் இரைச்சல்.

"சுகர் மாத்திரை தீந்துருச்சுன்னு அன்னிக்குச் சொன்னீங்களே சார், வாங்கிட்டீங்களா? இல்லீன்னா ஞாயித்துக்கெழம வர்றப்ப நான் வாங்கிட்டு வர்றேன்."

"வாங்கிட்டு வா" என்றேன்.