ஐஸ்காரம்மாவும் வண்டியின் கம்ப்யூட்டரும்

வண்டிக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் அவரைப் பற்றி இருந்த பதிவு இது: "செயலற்ற வாடிக்கையாளர். தொடர்பு கொள்ளத் தேவையில்லை." சில வருடங்களாக சர்வீஸுக்கு வராதவர்களை அந்தப் பிரிவில் போட்டு வைப்பது அங்கே வழக்கம். அந்த வாரம் செயலற்ற வாடிக்கையாளர் தினமும் வேலை முடிந்த கையோடு நேராக அங்கே வந்து, ஏசி போட்ட வரவேற்பறையின் வெள்ளை நாற்காலியில், முழங்கால் வரை நனைந்த பேன்ட்டோடு உட்கார்ந்துவிடுவார். தரையில் சின்னதாக ஒரு குளம் கட்டும். தொடர்பு கொள்ளத் தேவையில்லை என்பது உண்மைதான். தொடர்பை அவரே கொண்டுவந்தார்.

ஊரில் அவருக்கு ஐஸ்காரம்மா என்று பெயர். குளிர்ச்சி பெயரோடு சரி. ஃபேக்டரியிலிருந்து பெரிய பெரிய ஐஸ் பார்களைப் பிக்கப் வண்டியில் ஏற்றி, படகுகள் மீன் இறக்கும் துறையில் இருக்கும் கடைகளுக்கெல்லாம் இறக்குவது தொழில். வண்டி அவருடையது, ஓட்டுவதும் அவரே. ஆரம்பத்தில், "இந்தம்மா ஓட்டி வந்து சேர்றதுக்குள்ள ஐஸ் தண்ணியாயிடும், குடத்தை எடுத்து வைங்கப்பா" என்று சிரித்த கடைக்காரர்கள், இப்போது அவர் ஹாரன் கேட்டதும் மீன் பெட்டிகளின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வண்டிக்கு வந்த வியாதி விநோதமானது. காலையில் குதிரை மாதிரி ஓடும். வெயில் ஏறி இன்ஜின் சூடானதும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். பானெட்டைத் திறந்துவைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தால், யாரோ எதற்கோ நின்றார்கள், தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது போலக் கிளம்பும். மெக்கானிக் வேறு யாருமில்லை, அவருடைய கூடப்பிறந்த தம்பி. அவர் டீசல் பம்பை மாற்றினார், சென்சாரை மாற்றினார், வயரை மாற்றினார். கழற்றிப் போட்டதெல்லாம் நல்ல பாகங்கள் என்று பிறகு தெரிந்தது.

"அக்கா, கம்ப்யூட்டர்தான் போகுது," என்றார் கடைசியில். பேட்டரிக்குப் பக்கத்தில் சாப்பாட்டு டப்பா அளவுக்கு இருந்த அலுமினியப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "இன்ஜினுக்கு எப்ப டீசல் ஊத்தணும், எவ்வளவு ஊத்தணும்னு சொல்றது இதுதான். சூடானா இதுக்குப் புத்தி கலங்கிடுது."

"சூடானா எனக்கும்தான் கலங்குது. நான் என்ன நடுரோட்டுலயா நின்னுடறேன்?"

"நீ நிக்க மாட்ட. எதிர்ல வர்றவன் நின்னுடுவான்."

சர்வீஸ் சென்டருக்கு அவர் நடையாய் நடந்தது இந்தப் பெட்டிக்காகத்தான். கவுண்டரில் இருந்த இளைஞர் மரியாதையானவர். "புதுசு வர ரெண்டு மாசமாவது ஆகும் மேடம். இந்த மாடலைக் கம்பெனியே நிறுத்திடுச்சு."

"கம்பெனி நிறுத்தலாம் தம்பி. நான் நிறுத்தலையே."

இரண்டு மாதம் காத்திருக்கிற சாதி இல்லை ஐஸ். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அதே தொழிலில் இருக்கிற ஒருவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. பெட்டி சூட்டில்தான் மக்கர் செய்கிறது. தன்னிடமோ வண்டி நிறைய ஐஸ். பாரை உடைத்து பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, கம்ப்யூட்டரின் தலையில் வைத்துக் கயிற்றால் கட்டினார். காய்ச்சல் வந்த பிள்ளைக்கு நெற்றியில் துணி மாற்றுவது போல ஒவ்வொரு கடையிலும் பையை மாற்றினார். வண்டி நிற்கவே இல்லை. "கடைசியில கம்ப்யூட்டருக்கே ஐஸ் வச்சுட்டியேம்மா," என்று மீன்காரர் ஒருவர் சொல்ல, துறையே சிரித்தது.

இந்த வெற்றியைச் சொல்லவே அவர் மறுபடி சர்வீஸ் சென்டருக்குப் போனார். இளைஞர் முகம் மாறிவிட்டது. "தண்ணி உள்ள போனா மொத்தமா போயிடும் மேடம்."

"ஐஸ் கட்ட எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

இளைஞர் சொன்னதுதான் சரி. ஆனால் சரியாகப் பேசுகிறவர்களை அந்த நாட்களில் ஐஸ்காரம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் லோடோடு பாலத்தின் மேல் ஏறும்போது பை ஏதோ ஒரு முனையில் உரசிக் கிழிந்தது. தண்ணீர் வயர் கட்டின் வழியாக வழிந்து கம்ப்யூட்டரின் பிளக்குக்குள் இறங்கியது. இந்த முறை வண்டி திரும்பிக் கிளம்பவில்லை. பின்கதவிலிருந்து ஐஸ் சொட்டச் சொட்ட, பாலத்தின் நடுவில் அவர் நின்றுகொண்டிருந்தபோது பளபளவென்று ஒரு புது பிக்கப் வந்து பக்கத்தில் ஒதுங்கியது. அதில் இருந்தது அவருடைய கொழுந்தன், கணவரின் தம்பி. மீன் துறைக்கு தினமும் ஐஸ் இறக்கும் அந்த லைன் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"அண்ணி, என் வண்டியில மாத்திடலாமா? கரைஞ்சு போகுதே."

கடைக்காரர்களுக்கு அன்றைக்கு ஐஸ் போய்ச் சேர வேண்டும். அதனால் அவர் பின்கதவைத் திறந்தார். "ஐஸை மாத்துங்க கொழுந்தனாரே. லைனை மாத்திடாதீங்க."

கொழுந்தன் சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை. பதிலை ஃபேக்டரி மேனேஜர் போனில் சொன்னார். "சனிக்கிழமை காலையில உங்க வண்டி வாசல்ல நிக்கணும்மா. இல்லேன்னா லைன் உங்க கொழுந்தனாருக்குத்தான். எனக்கு மீன் அழுகக் கூடாது, அவ்வளவுதான்."

வீட்டில் கணவர் தையல்காரர். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே மெஷின். துணி வெட்டும் மேஜையில் அன்றைக்குச் சட்டைத் துணிக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் கிடந்தது. ஹேர் டிரையரை வைத்துக் காய வைத்துப் பார்த்தார்கள். பிளக்கின் ஊசிகள் பச்சை பூத்திருந்தன. அது பிழைக்காது என்று இருவருக்கும் தெரிந்தது.

"தண்ணியால போகல," என்றார் ஐஸ்காரம்மா. "அதுக்குப் போற நேரம், போச்சு."

கணவர் அதைப் பற்றி வாதாடவில்லை. வேறொன்று சொன்னார். "என் தம்பிதானே ஓட்டப்போறான். லைன் வீட்டுக்குள்ளயேதானே இருக்கும்."

"அப்ப இந்த மெஷினையும் உங்க தம்பிகிட்ட குடுத்துடலாமா? அதுவும் வீட்டுக்குள்ளயேதானே இருக்கும்?"

கணவர் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார். அன்றைக்கு நூல் ரொம்ப நேரம் ஊசிக்குள் நுழைய மறுத்தது.

விபத்தில் நொறுங்கிய அதே மாடல் வண்டி ஒன்று ஊர் எல்லையில் பழைய வண்டி உடைக்கிறவரிடம் கிடப்பதாக மெக்கானிக் தம்பி விசாரித்துச் சொன்னார். "பெட்டி மேல இருக்கிற நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் ஒண்ணா இருக்கணும்க்கா. பெட்டி மட்டும் பத்தாது. சாவி போடற இடத்தைச் சுத்தி ஒரு வளையம் இருக்கும், அதையும் அதோட வர்ற குட்டிப் பெட்டியையும் கழட்டு. அந்த வண்டிச் சாவியும் வேணும்."

ஐஸ்காரம்மா நம்பரைச் சரிபார்த்தார், ஸ்பேனரைப் பிடித்துத் தானே கழற்றினார், பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். "கெட்டது கம்ப்யூட்டர்தானே? என் சாவிக்கு என்ன கேடு?"

மாட்டினார்கள். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சின்ன விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"உன்னைத் திருடின்னு நினைக்குது," என்றார் தம்பி. "அதுக்குத் தெரிஞ்ச சாவியில இருக்கிற சிப்பைக் காட்டினாத்தான் நம்பும்."

"என் வண்டியில உக்காந்துக்கிட்டு என்னையே திருடின்னு சொல்லுதா?"

"அது உன் வண்டின்னு அதுக்குத் தெரியாதுக்கா. அது இன்னும் அந்த உடைஞ்ச வண்டியிலதான் இருக்கு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் திரும்பவும் போனார். வளையமும் குட்டிப் பெட்டியும் இருந்த இடத்தில் இருந்தன. சாவி இல்லை. வண்டி உடைக்கிறவர் ஒரு பழைய பெயின்ட் வாளியைக் காலால் நகர்த்திக் காட்டினார். செத்துப்போன வண்டிகளின் சாவிகள், வாளி நிறைய.

"இதுல இருந்தாலும் இருக்கும். யாரும்மா உக்காந்து தேடுவாங்க?"

அவர் உட்கார்ந்தார். நொறுங்கிய வண்டியின் ஓட்டுநர் சீட்டில், வாளியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போட்டுத் திருப்பிப் பார்த்தார். நுழையாதவை, நுழைந்து திரும்பாதவை, பாதி வரை வந்து ஆசை காட்டியவை. வெயில் தகரத்தைக் காய்ச்சியது. வண்டி உடைக்கிறவர் ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார். வாளியின் அடி தெரிய ஆரம்பித்த பிறகு, பிடி தேய்ந்த ஒரு சாவி எந்த அலட்டலும் இல்லாமல் திரும்பியது.

தம்பியின் ஷெட்டில் வளையத்தையும் பெட்டிகளையும் மாட்டினார்கள். புதிதாக ஒரு சிக்கல். சிப் இருக்கிற சாவி இந்த வண்டியின் பூட்டில் நுழையாது. பூட்டில் நுழைகிற சாவியைக் கம்ப்யூட்டர் மதிக்காது. ஆகவே சிப் சாவியை வளையத்துக்குப் பக்கத்திலேயே நிரந்தரமாகக் கட்டிவைத்து, மற்றொன்றால் திருப்ப வேண்டும். டேப் சூட்டில் பிய்ந்துவிடும் என்று தம்பி கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போது கொழுந்தன் வந்து இறங்கினார்.

"அண்ணி, நாளைக்கு எந்தக் கடையில முதல்ல இறக்கணும்? சொன்னீங்கன்னா நல்லாயிருக்கும்."

"முதல்ல உங்க வண்டியை வழியிலேர்ந்து எடுங்க. என் வண்டி வெளிய வரணும்."

கொழுந்தனுக்குப் பின்னால் சைக்கிளில் கணவர் வந்து நின்றார். சிக்கல் தெரிந்த கையோடு மெக்கானிக் போன் செய்து அளவு சொல்லியிருந்தார் போலிருக்கிறது. சட்டைப் பையிலிருந்து, கெட்டித் துணியில் இரட்டைத் தையல் போட்ட ஒரு சின்ன உறையை எடுத்து மனைவியிடம் நீட்டினார். ஸ்டியரிங் தண்டில் சுற்றிக் கட்ட இரண்டு பக்கமும் நாடா.

"அண்ணே, நீயுமா?" என்றார் கொழுந்தன்.

"தையல் வேலைடா," என்றார் கணவர். "வந்தா தைக்கணும்."

சாவியை உறையில் போட்டுக் கட்டினார்கள். விளக்கு ஒரு முறை எரிந்து அணைந்தது. இன்ஜின் பிடித்தது. ஐஸ்காரம்மா அதை நிறுத்தவில்லை. பானெட்டை மூடி, மிச்சமிருந்த வெயிலில் வண்டியை நிறுத்தி, அது சூடாகட்டும் என்று ஓடவிட்டார். டேஷ்போர்டில் சூடு காட்டும் ஊசி ஏறியது. தம்பி நகத்தைக் கடித்தார். கொழுந்தன் போவதா இருப்பதா என்று தெரியாமல் இருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை ஐஸ்காரம்மா ஃபேக்டரி வாசலில் முதல் வண்டியாக நின்று, முழு லோடு ஏற்றி, மீன் துறையின் எல்லாக் கடைகளுக்கும் ஐஸ் இறக்கினார்.