என் மகளுக்காக நான் சொன்ன பதில்

வலி முதலில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலைப் பூசையில் என் மகள் ஸ்டெல்லாவுக்கு முதல் ஓலை வாசித்திருந்தார்கள். எங்கள் கோவிலில் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்களின் பெயரை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் முடிப்பார். யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டோம். மூன்று மணிக்கு அவள் வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். கும்பகோணத்தில் ஸ்கேன் எடுத்தோம். பித்தப்பையில் (கல்லீரலுக்கு அடியில் உள்ள சிறு பை) கற்கள்.

குத்தாலத்தில் நான் பள்ளி ஆசிரியை. என் கணவர் சூசைக்குக் கொஞ்சம் நிலம். மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை. எங்கள் பக்கத்தில் அப்போது வளைகுடா மாப்பிள்ளை அமைவது சாதாரண விஷயமல்ல. அதனால்தான் ஒன்றை மறைத்திருந்தோம். ஸ்டெல்லாவுக்குப் பதினைந்து வயதிலிருந்து இழுப்பு (ஆஸ்துமா). கடலோர ஊரில் ஒருவர் கொடுத்த பொடியைத் தினமும் தேனில் குழைத்துச் சாப்பிட்டு வந்தாள். எட்டு வருடம். பொடி சாப்பிட்டால் இழுப்பு வராது. நன்றாகப் பசிக்கும். பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு பூசினாப்ல, முகம் வட்டமா லட்சணமா இருக்கு" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அறுவை மருத்துவர் முப்பது வயதுகூட இராத பெண். ஸ்கேனை ஒருமுறை பார்த்துவிட்டு வைத்துவிட்டார். பிறகு ஸ்டெல்லாவின் முகத்தையே பார்த்தார். சட்டைக் கையை மேலே தள்ளி, முழங்கைக்கு அருகில் கன்றிப்போயிருந்த இடங்களை விரலால் தொட்டார்.

"தோல் இவ்வளவு மெலிசா இருக்கே. ஏதாவது மருந்து சாப்பிடுறாங்களா?"

"இல்லைங்க," என்றேன்.

"நாட்டு மருந்து, பொடி, லேகியம்?"

"எதுவும் இல்லைங்க."

"நீங்க சொல்லுங்கம்மா," என்று அவளைப் பார்த்துக் கேட்டார். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "அவளுக்கு ஒண்ணுமில்லைங்க, கல்லு மட்டும்தான்," என்று நானே சொன்னேன்.

சில ரத்தப் பரிசோதனைகள் வேண்டும், ஒரு வாரம் கழித்து முடிவு செய்யலாம் என்றார். வராந்தாவுக்கு வந்ததும் என் கணவர் சிரித்தார். "வயித்துல கல்லுன்னா இது மூஞ்சியப் பாக்குது. இதுக்கே இன்னும் பாடம் முடியல போல."

நானும் சிரித்தேன். கேள்வி கேட்கிற மருத்துவருக்குத் தொழில் தெரியாது என்பது எங்கள் கணக்கு. தெரிந்தவர் நாடி பிடித்ததும் சொல்லிவிட வேண்டும்.

அப்படி ஒருவரை மாப்பிள்ளை வீட்டாரே காட்டினார்கள். சிறிய தனியார் மருத்துவமனை. மாப்பிள்ளையின் அத்தை ரோசலின் அங்கே நர்ஸ். "கைராசிக்காரருங்க. அவரு கத்தி வச்சா காயம் தெரியாது," என்றார். அதற்குள் ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சலும் வந்திருந்தது. மருத்துவர் வயிற்றை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "காய்ச்சல் அடங்கட்டும், திங்கக்கிழமை எடுத்துடலாம்." எங்களுக்கு உயிர் வந்தது.

வெள்ளிக்கிழமை சேர்த்தோம். அத்தை கண்ணில் படக்கூடாது என்று பொடியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஞாயிறன்று இரண்டாம் ஓலை வாசித்தபோது அவள் கட்டிலில் சோர்ந்து கிடந்தாள். எழுந்தால் தலை சுற்றுகிறது என்றாள். "அம்மா, பொடி இல்லாம ஒரு மாதிரி இருக்கும்மா," என்று ரகசியமாகச் சொன்னாள். "கல்லு போனா சரியாயிடும், பேசாம இரு," என்றேன்.

திங்கட்கிழமை காலை மயக்க மருத்துவர் (அறுவைக்கு மயக்க மருந்து கொடுப்பவர்) வந்து நின்றபடியே, "மருந்து ஏதாச்சும் எடுக்குறாங்களா?" என்றார். ரோசலின் பக்கத்தில் இருந்தார். "இல்லைங்க." நான்காவது முறை.

நாற்பது நிமிடத்தில் மருத்துவர் வெளியே வந்து, கற்களை ஒரு சிறு குப்பியில் போட்டுக் காட்டினார். என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

பதினொரு மணிக்கு ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியது. பாட்டில் மாற்றிப் பாட்டில் ஏற்றினார்கள், அழுத்தம் ஏறவில்லை. உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று மறுபடியும் வயிற்றைத் திறந்தார்கள். கசிவு எதுவும் இல்லை. அந்த இரண்டாம் திறப்பு தேவையே இல்லாதது. அதைச் செய்ய வைத்தவள் நான்.

நான்கு மணிக்கு மயக்க மருத்துவர் வெளியே வந்தார். முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு, "எதையாவது மறைக்கிறீங்களா? இப்ப சொன்னாத்தான் உண்டு," என்றார்.

அவருக்குப் பின்னால் ரோசலின் நின்றிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். என் பிள்ளை சாகக் கிடக்கும்போது நான் சம்பந்தி வீட்டு முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு சொன்னேன்.

அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார்கள். நம் உடல் தானாகச் சுரக்கும் ஒன்றைப் போன்ற மருந்து அது. வருடக்கணக்கில் வெளியிலிருந்து வந்தால் சுரப்பி தூங்கிவிடும். திடீரென்று நிறுத்திவிட்டு வயிற்றையும் கிழித்தால் உடல் தாங்காது. வட்ட முகமும் மெல்லிய தோலும் அதன் அடையாளங்கள். லட்சணம் என்று நாங்கள் பெருமைப்பட்டதைத்தான் தஞ்சாவூர் மருத்துவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மருந்தையே ஊசியாகப் போட்டார்கள். ஆறு மணிக்குள் அழுத்தம் ஏறியது.

ரோசலின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எங்க அண்ணனுக்கே இழுப்பு உண்டுங்க. இதுக்காகவா?" என்றார். மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. இழுப்புக்காக அல்ல, மறைத்ததற்காக என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள்.

பத்தாம் நாள் தையல் விட்டுப்போனது. அந்தத் தோல் நூலைத் தாங்கவில்லை. தஞ்சாவூருக்குக் கொண்டு போனோம். அதே பெண் மருத்துவர். இரண்டு மாதம் தினமும் புண்ணைத் திறந்து கழுவிக் கட்டினார். ஒரு நாளும் எங்களைத் திட்டவில்லை. ஒருமுறை கட்டுத் துணியை மடித்தபடியே, "தப்பு என் பேர்லயும் இருக்குங்க. அன்னிக்கு உங்கள வெளில அனுப்பிட்டு அவங்ககிட்ட தனியா கேட்டிருக்கணும்," என்றார்.

கைராசிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கை சுத்தம்தான். ஆனால் நீங்கள் யாரையாவது அறுவைக்கு அழைத்துப் போகிறவரானால், கத்தியின் வேகத்தைப் பார்க்காதீர்கள். எத்தனை கேள்வி கேட்கிறார், கேட்டதையே ஏன் திரும்பக் கேட்கிறார் என்று பாருங்கள். பதிலை நோயாளியே சொல்லட்டும்.

நான்கு வருடம் ஆகிவிட்டது. சுரப்பி இன்னும் முழுதாக விழிக்கவில்லை. காலை எட்டு மணி மாத்திரைதான் எங்கள் வீட்டுக் கடிகாரம். அது உள்ளே போகும்வரை எனக்கு நாள் தொடங்குவதில்லை. ஸ்டெல்லாவின் முகம் ஒடுங்கிவிட்டது. வயிற்றின் நடுவே விரல் அகலத்துக்குத் தழும்பு, இருமும்போது புடைக்கிறது. அவள் இருமினால் என் கை என் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தஞ்சாவூர் போகிறோம். சென்ற முறையும் பெயர் கூப்பிட்டதும் நான் எழுந்தேன்.

"நீங்க இங்கயே இருங்கம்மா," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மருத்துவர் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. என் வாய் தானாகத் திறந்து மூடியது. உள்ளே ஸ்டெல்லா பேசத் தொடங்கினாள். நெடுநேரம் பேசினாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.