எஸ்தர் தானே போட்ட டிக்கெட்

எஸ்தர் இறந்துபோன செய்தி எங்கள் அலுவலக வாட்ஸப் குழுவுக்கு ஒரு படமாக வந்தது. அவளுடைய போனிலிருந்து தம்பி சாமுவேல் அனுப்பியிருந்தான். கறுப்புக் கரை போட்ட கண்ணீர் அஞ்சலி, நடுவில் அவள் புகைப்படம், கீழே அடக்க ஆராதனையின் நேரமும் கரிவலம்வந்தநல்லூர் வீட்டு முகவரியும். காலையில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்த நான், கரண்டியைக் கையில் பிடித்தபடியே அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சற்று நேரத்தில் குழுவில் இரண்டு குரல் பதிவுகள் வந்தன. எங்கள் வெப்சைட்டுகளைச் சோதித்துத் தரும் பார்வையற்ற நண்பர்கள் பேசியிருந்தார்கள். "ஏதோ படம் போட்டிருக்கீங்க, என்னன்னு கொஞ்சம் எழுதுங்க." எஸ்தராக இருந்தால் கேட்பதற்கு முன்னால் திட்டியிருப்பாள். படத்தில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்தேன். பெயர், வயது, நேரம், இடம். படத்தில் இல்லாத மாரடைப்பை, சாமுவேலிடம் போனில் கேட்டுச் சேர்த்தேன். அவள் இல்லை என்பது அதை என் கையால் எழுதியபோதுதான் எனக்குள் இறங்கியது.

அவளைத் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ‘அவர்’ என்று எழுதினால் அவளே சிரிப்பாள் என்பதால் ‘அவள்’ என்றே எழுதுகிறேன். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சங்கரன்கோவிலிலிருந்து சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் பேருந்து ஓட்டும் ஒரு நிறுவனத்தில் நாங்கள் வேலை பார்த்தோம். டிக்கெட் போட ஒரு வெப்சைட், பார்சலுக்கு ஒன்று, சுற்றுலாவுக்கு ஒன்று என்று எல்லாவற்றையும் கவனிப்பது நான். கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், கை நடுங்கி மவுஸ் பிடிக்க முடியாதவர்கள் எல்லாரும் அவற்றைப் பயன்படுத்த முடிகிறதா என்று பார்ப்பது எஸ்தர். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "குறை சொல்லுத வேலை. சம்பளமும் தராங்க" என்பாள்.

குறை சொல்லித்தான் அவள் உள்ளே வந்தாள். ஒரு மதியம் கவுண்டரில் இருக்கும் அக்கா சாப்பிடப் போயிருந்ததால் போனை நான் எடுத்தேன். "மேடம், உங்க வெப்சைட் என்கிட்ட என்ன பேசுதுன்னு கேக்கீங்களா?" என்று சொல்லிவிட்டு, செல்போனைத் தன் கணினியின் பக்கத்தில் வைத்துவிட்டாள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் குரல் கேட்டது. "பட்டன். பட்டன். பட்டன். படம். பட்டன்." அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. "இதுல எது சன்னல் சீட்டு, எது கடைசி சீட்டு?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்தை அப்போதுதான் புதிதாக வடிவமைத்து எல்லாரிடமும் பாராட்டு வாங்கியிருந்தேன். எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் இருப்பவர்கள் யாரையாவது போடச் சொல்லுங்கள் என்றேன்.

"போன தடவ அப்படித்தான் மேடம் போட்டேன். மெட்ராஸுக்கு ஒரு இன்டர்வியூ. பக்கத்து வீட்டு அக்காதான் போட்டுத் தந்தா. டிக்கெட் எனக்கு வருததுக்கு முன்னாடி தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு. வேலை கிடைக்கல. கிடைக்கலங்கதையும் ஒவ்வொரு வீட்டுக்கும் நின்னு பதில் சொல்லிட்டுப் போக வேண்டியதாயிட்டு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். யார்ட்டயும் சொல்லாம நானே டிக்கெட் போடணும், நானே போயிட்டு வரணும். அதுக்கு உங்க வெப்சைட் விட மாட்டேங்குது."

முதலாளி அண்ணாச்சியிடம் இதை ஒரு புகாராகத்தான் சொன்னேன். இப்படியெல்லாம் போன் பண்ணுகிறார்கள் என்று. அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டுக்கொண்டார். "இம்புட்டுக் குறை சொல்லுத பிள்ளைய வெளிய விட்டா ஊர் பூரா சொல்லிட்டுத் திரியும். உள்ள கூப்பிடு. நம்மட்டயே சொல்லட்டும்" என்றார். பேச்சுக்குச் சொன்னார் என்று நினைத்தேன். மறுவாரம் எஸ்தர் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள்.

அவள் மேசையில் மானிட்டர் கிடையாது. ஒரு கீபோர்டு, ஹெட்போன், தரையில் கணினிப் பெட்டி, மானிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் டிபன் கேரியர். கணக்குப் பிரிவுக்குப் புதிதாக வந்த ஒருவர், ஆளில்லாத மேசை என்று நினைத்து அதில் பார்சல் மூட்டைகளை அடுக்கிவிட்டார். எஸ்தர் வந்து தடவிப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. மூட்டைகளின் மேலேயே கீபோர்டை வைத்து அன்று முழுக்க நின்றுகொண்டு வேலை பார்த்தாள். அந்த மனிதர் வந்து வந்து மன்னிப்புக் கேட்டும் மூட்டைகளை எடுக்க விடவில்லை. பிடிவாதம் அவளுக்குக் கூடவே பிறந்தது. அதனால் நானும் அவளும் பேசாமல் இருந்த நாட்கள் நிறைய உண்டு.

வந்த கையோடு ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினாள். வெப்சைட்டில் யார் எதை மாற்றினாலும், மாற்றியவரே மானிட்டரை அணைத்துவிட்டு, கீபோர்டையும் ஹெட்போனையும் மட்டும் வைத்து ஒரு டிக்கெட் போட்டுக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் மாற்றம் வெளியே போகும். கண்ணைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். "கண்ணக் கட்டிக்கிடுதது நாடகம். மானிட்டர அணைச்சாப் போதும்" என்றாள். முதல் ஆளாக நான் உட்கார்ந்தேன். வேர்த்து விறுவிறுத்து முடித்துவிட்டு மானிட்டரைப் போட்டுப் பார்த்தால், சென்னைக்குக் கிளம்பியவள் பெங்களூருக்குப் பதிவு செய்திருந்தேன். "போயிட்டு வா, நல்ல ஊருதான்" என்றாள்.

இனிமேல் படங்களுக்கெல்லாம் சொற்களில் விளக்கம் எழுத வேண்டும் என்று எங்களுக்குப் புரிந்ததும், எழுதித் தள்ளிவிட்டோம். எங்கள் எல்லாப் பக்கங்களின் தலையிலும் அண்ணாச்சியின் முதல் பேருந்து இருக்கும். ஆயுத பூஜையன்று எடுத்த படம். அதை எந்தப் பக்கத்திலிருந்தும் நீக்கக் கூடாது என்பது அவருடைய கட்டளை. அந்தப் படத்துக்கு விளக்கம் எழுதும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, நான் ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். நெற்றியில் சந்தனமும் குங்குமமும், முகப்பில் ரோஜா மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், பூசணிக்காயோடு நிற்கும் டிரைவர், பின்னணியில் ராஜகோபுரம். எழுதி முடித்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எஸ்தருக்கோ, தேதியைத் தேர்ந்தெடுக்கப் போனாலும், பெயரை நிரப்பப் போனாலும், ஒவ்வொரு பக்கத்திலும் முதலில் இந்தப் பூஜை நடந்தது. அரை நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணாச்சியிடமே போனாள்.

"அண்ணாச்சி, பூஜ நல்லாருக்கு. அதுக்காகப் பஸ்ல ஏறுத ஒவ்வொரு படிக்கும் தேங்கா உடைக்கணுமா?"

அவருக்கு முகம் வாடிவிட்டது. முதல் பக்கத்தில் மட்டும் அந்த விளக்கம் இருக்கட்டும், மற்ற பக்கங்களில் படம் பேசாமல் இருக்கட்டும் என்று முடிவானது. இன்றைக்கும் முதல் பக்கத்தில் எலுமிச்சம்பழம் வரைக்கும் அப்படியே இருக்கிறது. அதை ஒரு சொல்கூடக் குறைக்க வேண்டாம் என்று தடுத்தவள் எஸ்தர்தான். ஒரு தரம் கேட்கத் தனக்கும் பிடித்திருக்கிறது என்றாள்.

தனியாக வரும் பெண்ணுக்குப் பக்கத்துச் சீட்டை இன்னொரு பெண்ணுக்குத்தான் கொடுப்போம். எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான். அந்தச் சீட்டு திரையில் இளஞ்சிவப்பாகத் தெரியும். எஸ்தரின் ஹெட்போனில் அது வெறுமனே "காலி" என்று கேட்டது. எப்படியும் கடைசியில் ஆணா பெண்ணா என்று கேட்கிறோமே, தவறாக எடுத்தால் வெப்சைட்டே மறுத்துவிடுமே என்று நான் வாதாடினேன். அன்று அவள் கிண்டல் பண்ணவில்லை. "ஏட்டி கோமதி, ராத்திரி பூரா போற வண்டி. பக்கத்துல படுக்கது ஆம்பளையா பொம்பளையான்னு ஏறுததுக்கு முன்னாடி உனக்குத் தெரியுது. எனக்கு ஏறுன பொறவுதான் தெரியும்னா எப்படி?" என்றாள். அன்று சாயங்காலமே ஒவ்வொரு சீட்டும் தன்னைப் பற்றித் தானே சொல்லுமாறு மாற்றினேன்.

பெரிய சண்டை ஒரு தீபாவளிக்கு முன்பு வந்தது. டிக்கெட் வெப்சைட் முழுவதையும் புதுப்பித்து, பண்டிகை முன்பதிவு தொடங்கும் நாளில் வெளியிடத் தயாராக இருந்தோம். சீட்டைத் தேர்ந்தெடுத்தவர் சில நிமிடங்களுக்குள் பணம் கட்டாவிட்டால் சீட்டு கைவிட்டுப் போய்விடும். ஏஜென்டுகள் சீட்டுகளை மொத்தமாகப் பிடித்து வைக்காமலிருக்க அண்ணாச்சி அந்த நேரத்தை மிகவும் குறைக்கச் சொல்லியிருந்தார். காதால் கேட்டுக் கேட்டு நிரப்பும் எஸ்தருக்கு அந்த நேரம் போதவில்லை. வேகமாகச் செய்து பார்த்தாள், மறுபடியும் செய்தாள். ஒவ்வொரு தடவையும் ஓடிபியைத் தட்டும்போது சீட்டு போய்விட்டது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, இதற்குத் தன்னால் சம்மதம் சொல்ல முடியாது என்றாள். எல்லா வேலையும் முடிந்த நேரத்தில் இவள் இப்படிச் சொல்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அண்ணாச்சி மாடிக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர். அவர் தன் மனதில் பட்டதைச் சொன்னார். "எம்மா, நீ எதுக்கு இதோட மல்லுக்கட்டுத? உனக்கு மட்டும் இல்ல, உன்ன மாதிரி யாரா இருந்தாலும் சரி, எனக்கு ஒரு போன் போடுங்க. நானே நல்ல சீட்டாப் பாத்துப் போட்டுத் தாரேன். டிரைவர்ட்டச் சொல்லிப் பத்திரமா இறக்கிவிடச் சொல்லுதேன்."

"போன் போட்டா எங்க போறேன்னு உங்ககிட்ட சொல்லணும்லா அண்ணாச்சி?"

"சொல்லாம எப்படி டிக்கெட் போடுதது?"

"அதத்தான் வேண்டாம்ங்கேன்."

அவர் உதவி செய்தே பழக்கப்பட்டவர். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே அவரிடம் யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. "என்ட்டச் சொல்லுததுல உனக்கு என்ன குறைச்சல்?" என்றார், நிஜமாகவே புரியாமல்.

"குறைச்சல் ஒண்ணுமில்ல. நீங்க எங்க போனாலும் எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிட்டுப் போங்க அண்ணாச்சி, பத்திரமாப் போயிட்டு வாங்கன்னு நானும் சொல்லுதேன். செய்வீங்களா?"

அண்ணாச்சி கீழே இறங்கிப் போனார். அவள் வேலை போய்விடும் என்றே நாங்கள் நினைத்தோம். அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். டிபன் கேரியரையும் ஹெட்போனையும் பைக்குள் எடுத்து வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் அவர் என்னைக் கூப்பிட்டு, "நேரம் வேணும்னு கேக்கவங்களுக்குக் குடுக்க முடியுமான்னு பாரு. ஏஜென்டுக்காரனை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். ‘இன்னும் நேரம் வேண்டும்’ என்று ஒரு பட்டன் வைத்தோம். வெளியீடு தள்ளிப்போனது. முன்பதிவின் முதல் நாள் பழைய வெப்சைட்டிலேயே ஓடியது. அந்தப் பட்டனை இன்று அதிகம் அழுத்துவது குருவிகுளம் பக்கத்தில் சிக்னல் கிடைக்காமல் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

தீபாவளி நெரிசலெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு திங்கட்கிழமை எஸ்தர் தாமதமாக வந்தாள். தோளில் பயணப் பை. சேலை கசங்கியிருந்தது.

"எங்கட்டி போன?" என்றேன்.

"போயிட்டு வந்தேன்."

"அதான், எங்க?"

"பஸ்ல. பக்கத்துச் சீட்டுல ஒரு டீச்சர் வந்தா. ஏசிதான் கொஞ்சம் கூடுதல்."

எவ்வளவு துருவியும் அதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை. அண்ணாச்சி மேலே வந்தபோது, இவள் எங்கேயோ போய்விட்டு வந்திருப்பதை நான் அவரிடம் சொன்னேன். அவர், "நம்ம வண்டிதான?" என்று மட்டும் கேட்டார். "நம்ம வண்டிதான் அண்ணாச்சி" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று முழுக்க அவள் தனக்குள் சிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு உள்ளூர வருத்தம்தான். என் வீட்டுச் சண்டை சச்சரவுகள்கூட அவளுக்குத் தெரியும், இதை என்னிடம் சொன்னால் என்ன என்று இருந்தது. வேலைக்குத் தேவையில்லாமல் பயணிகளின் விவரத்தைப் பார்ப்பதில்லை என்பது எங்கள் அலுவலக விதி. விதி இல்லாவிட்டாலும் அவளுடையதை நான் பார்த்திருக்க மாட்டேன்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லாரும் கலையும்போது சாமுவேல் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அக்கா, எங்க அக்கா ஒருக்க யார்ட்டயும் சொல்லாம எங்கயோ போயிட்டு வந்தா. வீட்ல எல்லாரும் பதறிட்டோம். எங்கன போனான்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. உங்ககிட்டச் சொல்லியிருப்பாள்லா?"

"இல்லப்பா. எனக்கும் தெரியாது" என்றேன்.

அவன் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தான். நான் உண்மையைத்தான் சொன்னேன். அத்தனை துக்கத்திலும் அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. யாரைப் பார்க்கப் போனாளோ, எதைக் கேட்கப் போனாளோ, கடற்கரையில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாளோ, இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவள் கேட்டது அதைத்தான். அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாத அந்த ஊர்.